சூளைக்காரர் பதில்கள்: விண்கலத்தின் ஓடு

போன இதழில் ஃபயர்பிரிக் (சூளைக்குள் அடுக்கும் சூடு தாங்கும் செங்கல்) பற்றி எழுதும்போது, அமெரிக்காவின் விண்வெளி ஓடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) அடிவயிற்றில் ஒட்டியிருந்த செராமிக் ஓடுகளைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த முறை கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, முழு இடத்தையும் இதற்கே கொடுத்துவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு பீங்கான் தொழிற்சாலையில், சூளைப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

"உலையிலிருந்து எடுத்த ஒரு கட்டி உள்ளே செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருக்கிறது. அதை ஒருவர் வெறும் விரலால் மூலையைப் பிடித்துத் தூக்குகிறார். வீடியோவில் பார்த்தேன். அது நிஜமா, கிராஃபிக்ஸா?"
– பத்தாம் வகுப்பு மாணவி, குடியாத்தம்

நிஜம்தான் அம்மா. அந்தக் கட்டிதான் விண்வெளி ஓடத்தின் ஓடு. 1,200 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்து வந்தது. நான் வேலை பார்த்த சூளையில் வாஷ்பேசின் வேகும் சூடும் ஏறக்குறைய அதேதான்.

உன் பாட்டியிடம் ஒரு விஷயம் கேட்டுப் பார். விறகடுப்புக் காலத்தில் ராத்திரி நெருப்பை அணைக்க மாட்டார்கள். இரண்டு கங்கை எடுத்துச் சாம்பலுக்குள் புதைத்துவிட்டுப் படுப்பார்கள். விடியற்காலையில் கிளறினால் கங்கு சிவப்பாகவே இருக்கும். மேலே இருக்கும் சாம்பலைத் தொட்டால் லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். நீறு பூத்த நெருப்பு என்று சொல்வது இதைத்தான். சாம்பலுக்குள் பெரும்பகுதி காற்று. அடைபட்ட காற்றின் வழியாகச் சூடு நகர்வது மிகவும் மெதுவாக நடக்கும்.

அந்த ஓடும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதன் மூலப்பொருள் சிலிக்கா. நம் பாலாற்று மணலில் இருப்பதும் சிலிக்காதான். என்ன, ஓட்டில் இருப்பது 99.8 சதவீதம் சுத்தமானது. அதை உருக்கி, முடியைவிட மெல்லிய இழைகளாக இழுத்து, தண்ணீரில் கூழாக்கி, அச்சில் வார்த்து, உலர்த்திச் சுடுகிறார்கள். இழைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். மீதி இடமெல்லாம் காற்று. நூற்றில் 93 பங்கு காற்று என்றால் நம்புவாயா? ஒரு லிட்டர் அளவுள்ள ஓட்டின் எடை 144 கிராம். அதே அளவு செங்கல் 1,800 கிராம் வரை வரும்.

மூலையை விரல் தொடும்போது, அந்த இடத்தில் இருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டை விரல் வாங்கிக்கொள்கிறது. உள்ளேயிருந்து அடுத்த சூடு வந்து சேர்வதற்கு நேரம் பிடிக்கும். அதனால்தான் விரல் சுடவில்லை. மூலையும் விளிம்பும் வெளியே எடுத்ததும் ஆறிவிடும், நடுப்பகுதி ஆறாது. வீடியோவில் இருப்பவர் மூலையைப் பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் வேறு எந்தக் கல்லை வைத்தும் இதைச் செய்து பார்க்காதே.

"ஐயா, நான் தோல் ஷெட்டில் பாய்லர் ஆபரேட்டர். 1,200 டிகிரி தாங்குகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் வேலை முடிந்ததே. வருஷக்கணக்கில் எதைத்தான் சோதிக்கிறார்கள்?"
– ஒரு வாசகர், ஆம்பூர்

உங்கள் பாய்லருக்கு ஒருமுறை ஹைட்ராலிக் டெஸ்ட் எடுத்தாகிவிட்டது, இனி ஆயுசுக்கும் ஓட்டலாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்வாரா தம்பி? வருஷா வருஷம் திறந்து, சுத்தம் செய்து, ட்யூபைப் பார்த்த பிறகுதானே கையெழுத்துப் போடுகிறார்!

ஒரே ஒரு முறை பூமிக்குத் திரும்பினால் போதும் என்றால் ஓடே தேவையில்லை. அப்பல்லோ கலங்களின் அடியில் ஒரு கெட்டிப் பூச்சு இருந்தது. திரும்பி வரும்போது அது கரிந்து, கரியோடு சேர்த்துச் சூட்டையும் கொண்டுபோய்விட்டது. ஒரு பயணத்தோடு அதன் வேலை முடிந்தது. விண்வெளி ஓடம் மறுபடி மறுபடி போய்வர வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்த "மறுபடி"தான் இத்தனை சோதனைக்கும் காரணம்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு லோடு வாஷ்பேசின் செலவானது. எங்களுடையது ஷட்டில் கில்ன் வகை. சரக்கைக் காரில் (சக்கரம் வைத்த மேடை) அடுக்கி, தண்டவாளத்தில் உள்ளே தள்ளி, சுட்டு, அதே வழியில் வெளியே இழுப்போம். நான் சேர்ந்த புதிது. ஒரு நைட் ஷிஃப்டில், சரக்கு அவசரமாக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மீட்டர் 600க்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வேகும் வேலைதான் முடிந்துவிட்டதே என்று கதவைக் கொஞ்சம் திறக்கச் சொன்னேன். சற்று நேரத்தில் உள்ளிருந்து 'டிங்', 'டிங்' என்று சத்தம் வந்தது. மேஸ்திரி ஓடிவந்து கதவைச் சாத்தினார். ஒன்றும் பேசவில்லை, என்னைக் கதவருகே நிற்கவைத்து அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். காலையில் காரை வெளியே இழுத்தபோது பாதி லோடு விரிசல். 1,200 டிகிரியைத் தாங்கிய சரக்கு, ஆறும் வழியில் 573 டிகிரியில் உடைந்துபோனது. அந்தச் சூட்டில், பீங்கானுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் தன் அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று சுருங்கும். வெளிப்பக்கம் முந்திக்கொண்டு சுருங்கி உள்பக்கம் பின்தங்கினால் விரிசல் விடத்தான் செய்யும்.

விண்கல ஓட்டில் இருப்பது படிகம் இல்லை, சிலிக்கா கண்ணாடி. அதனால் இந்த 573 பயம் அதற்கு இல்லை. ஆனால் 1,100 டிகிரிக்கு மேல் திரும்பத் திரும்பச் சூடாகும்போது, அந்தக் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக கிறிஸ்டோபலைட் என்கிற படிகமாக மாறத் தொடங்கும். அந்தப் படிகம் இருநூற்றுச் சொச்சம் டிகிரிக்கு ஆறும்போது திடீரெனச் சுருங்கும் குணம் உள்ளது. முதல் பயணத்தில் ஒன்றும் தெரியாது. பல பயணங்களுக்குப் பிறகு காட்டும். சோடியம் போன்ற அழுக்கு துளி கலந்தாலும் இந்த மாற்றம் சீக்கிரம் வரும். 99.8 சதவீதச் சுத்தத்துக்கு மெனக்கெடுவது இதற்காகத்தான். சிலிக்கா கண்ணாடிக் குழாய்களைக் கையுறை போட்டுக்கொண்டு தொடுவதும் இதற்காகத்தான். கை வியர்வையின் உப்பே போதும், அதைக் கெடுத்துவிடும்.

ஆகவே ஒரே துண்டை எடுத்துச் சுட வேண்டும், ஆறவிட வேண்டும், எடை பார்க்க வேண்டும், கனம் அளக்க வேண்டும், மறுபடி சுட வேண்டும். சும்மா உலையில் வைத்தால் போதாது. நொடிக்கு ஏழே முக்கால் கிலோமீட்டர் வேகத்தில் கலம் வரும்போது முன்னால் இருக்கும் காற்று ஒதுங்க நேரமில்லாமல் நசுங்கிச் சூடேறுகிறது. உராய்வு என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பெரும்பங்கு இந்த நசுங்கல்தான். அந்தச் சூட்டில் காற்றின் மூலக்கூறுகளே பிய்ந்து தனி அணுக்களாகிவிடும். அவை ஓட்டின் மேல்பரப்பில் மறுபடி ஜோடி சேர்ந்தால், அந்தச் சேர்க்கையின் சூடும் ஓட்டின் தலையில்தான் இறங்கும். சாதாரண உலையில் இதைக் காட்ட முடியாது.

அதற்குத்தான் ஆர்க் ஜெட். கலிஃபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் இருக்கிற ஒன்று 60 மெகாவாட் மின்சாரம் இழுக்கும். வெல்டிங் ஆர்க் உங்களுக்குத் தெரியும். அந்த ஆர்க்கை, தண்ணீரால் குளிர வைத்த நீளக் குழாய்க்குள் எரியவிட்டு, நடுவே காற்றைச் செலுத்துகிறார்கள். காற்று பிளாஸ்மாவாகி (அணுக்களே பிய்ந்து மின்னூட்டம் ஏறிய வாயு), நாசில் என்கிற குறுகிய வாய் வழியாக ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில், காற்றை உறிஞ்சியெடுத்த ஓர் அறைக்குள் பீய்ச்சி அடிக்கும். முதலில் ஒரு செம்புத் துண்டை ஒரு சில நொடி உள்ளே நீட்டி, எவ்வளவு சூடு விழுகிறது என்று கணக்கெடுப்பார்கள். பிறகுதான் ஓட்டுத் துண்டு உள்ளே போகும். வெளிப்பரப்பின் சூட்டைத் தொடாமலே, ஒளியை வைத்து அளப்பார்கள். ஓட்டுக்குள் பல ஆழங்களில் தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கம்பி) புதைத்திருக்கும். மேலே 1,260 டிகிரி காட்டும்போது அடியில் எவ்வளவு என்பதுதான் கேள்வி. விண்வெளி ஓடத்தின் அலுமினியத் தோல் 175 டிகிரிக்கு மேல் போகக் கூடாது.

இன்னொன்று. அடிப்பக்க ஓடுகள் கறுப்பாக இருந்ததற்குக் காரணம் அழகு இல்லை. போரோசிலிக்கேட் கண்ணாடிப் பூச்சு அது, எங்கள் பாஷையில் கிளேஸ். பழுக்கக் காய்ந்த கறுப்புப் பரப்பு, வாங்கிய சூட்டில் மிகப் பெரும்பகுதியை ஒளியாகவும் அனலாகவும் திருப்பி வானத்துக்கே வீசிவிடும். உள்ளே இறங்கப் பார்க்கும் மிச்சத்தைத்தான் அந்தக் காற்று நிறைந்த இழைகள் தடுக்கின்றன. கிளேஸில் மயிரிழை விரிசல் விழுந்தால் எங்களுக்கு செகண்ட்ஸ் மால் (குறையுள்ள சரக்கு), அவர்களுக்கு அது பெரிய விசாரணை.

சரி, இத்தனையும் ஓட்டைப் பற்றி. நான் உண்மையில் சொல்ல நினைப்பது ஓட்டின் பிடிப்பைப் பற்றி.

பின்னால் எங்கள் சூளையில் உள்சுவர் செங்கல்லை எடுத்துவிட்டு செராமிக் ஃபைபர் போர்வை அடித்தார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் கூரையிலிருந்து ஒரு போர்வை பாய் மாதிரி தொங்கியது. இறக்கிப் பார்த்தோம். போர்வை புத்தம் புதிதாக இருந்தது. அதைப் பிடித்திருந்த ஸ்டீல் ஆணிகள்தான் அரித்துப் பொடியாகியிருந்தன. சூடு தாங்கும் பொருளை எல்லோரும் சோதிக்கிறோம், அதைப் பிடித்திருப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

விண்வெளி ஓடத்திலும் தலைவலி அங்கேதான் வந்தது. ஒரு மீட்டர் அலுமினியம் 150 டிகிரி சூடேறினால் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். அதே நீள சிலிக்கா அதில் நாற்பதில் ஒரு பங்குகூட நீளாது. நேராக ஒட்டினால் ஓடு பிளந்துவிடும். அதனால் இரண்டுக்கும் நடுவே நோமெக்ஸ் ஃபெல்ட் (சூடு தாங்கும் செயற்கை இழையால் செய்த தடித்த துணி) ஒன்றை வைத்து, சிலிக்கோன் பசையால் ஒட்டினார்கள். ஓடுகளுக்கு நடுவே இடைவெளியும் விட்டார்கள். ஆனால் ஃபெல்ட்டின் இழைக்கொத்துகள் ஓட்டின் அடியைச் சில புள்ளிகளில் மட்டும் பிடித்து இழுத்தன. ஓட்டுக்கு இருந்த பலத்தில் பாதிதான் ஒட்டிய இடத்துக்கு வந்தது! 1979 மார்ச்சில் கொலம்பியா என்ற விண்வெளி ஓடத்தை ஜம்போ விமானத்தின் முதுகில் வைத்து ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோனபோது, வழியிலேயே நிறைய ஓடுகள் உதிர்ந்தன. விண்வெளிக்குப் போகும் முன்பே.

அதற்குக் கண்ட வைத்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஓட்டின் அடியில் நுண்ணிய சிலிக்காக் கூழைப் பூசி, அந்தப் பக்கத்தை மட்டும் கெட்டிப்படுத்தினார்கள். பீங்கான் வேலை செய்பவன் அதை ஸ்லிப் என்பான். காது உடைந்த கோப்பைக்கு நாங்கள் வைப்பதும் ஸ்லிப்தான். இழுவை புள்ளி புள்ளியாக விழாமல் அடிப்பரப்பு முழுதும் பரவிவிட்டது. ஒட்டிய பிறகு, ஓட்டின் மேல் வெற்றிடக் கவ்வியை வைத்து இழுத்துப் பார்த்தார்கள். இழுக்கும்போது உள்ளே இழை அறுபடும் சத்தத்தைக் கருவி வைத்துக் கேட்டார்கள். சந்தையில் பானையைச் சுண்டிக் கேட்டு வாங்கும் நம் பெண்களுக்கும், கதவருகே என்னை நிற்கவைத்த மேஸ்திரிக்கும் இது புதிய விஷயமாகத் தோன்றாது. எஃப்-15, எஃப்-104 போர் விமானங்களிலும் ஓடுகளை ஒட்டிப் பறந்து பார்த்தார்கள். அவ்வளவுக்கும் பிறகு, 1981 ஏப்ரல் 12 அன்று கிளம்பிய முதல் பயணத்தில் 16 ஓடுகள் காணாமல் போயின, 148 சேதமாயின. கலம் பத்திரமாக இறங்கியது.

அப்புறம் தண்ணீர். அடுப்பிலிருந்து ஈரத்துணியால் பாத்திரம் இறக்கிய எல்லோருக்கும் தெரியும், காய்ந்த துணி காப்பாற்றும், ஈரத்துணி கையைச் சுட்டுவிடும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் காப்பு போய்விடும். எடையும் கூடும், விண்வெளியில் உறைந்து பிளக்கவும் செய்யும். ஓட்டில் தண்ணீர் ஏறாமல் தடுக்கும் மருந்து திரும்பி வரும் சூட்டில் எரிந்துபோய்விடும். அதனால் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும், ஒவ்வொரு ஓட்டிலும் இருக்கும் சின்னத் துளை வழியாக மறுபடி மருந்து செலுத்தினார்கள். ஒரு கலத்தில் 24,000க்கும் மேற்பட்ட ஓடுகள். ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம், தனி எண். இதைப் படித்தபோது அந்த வேலையாட்களின் மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

"என் மகள் பள்ளி மாறுவேடப் போட்டியில் கல்பனா சாவ்லாவாக வந்தாள். ஓடு விழுந்ததால்தான் அவர் இறந்தார் என்று டீச்சர் சொன்னாராம். அப்படியா?"
– ஓர் இல்லத்தரசி, ஆற்காடு

இல்லை அம்மா. ஓடு விழவில்லை. இறக்கையின் முன்விளிம்பும் மூக்கும் ஓடு தாங்கும் சூட்டைவிட அதிகம் சூடாகும். அங்கே இருந்தது கரி இழையைக் கரியாலேயே இறுக்கிச் செய்த சாம்பல் நிறத் தகடுகள். 2003 ஜனவரியில் கொலம்பியா கிளம்பி ஒன்றரை நிமிஷத்துக்குள், எரிபொருள் தொட்டியின் மேல் இருந்த நுரைக் காப்பில் ஒரு துண்டு பிய்ந்து இடது இறக்கையின் அந்தத் தகட்டில் மோதியது. பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது சுட்டெரிக்கும் காற்று, அங்கே விழுந்த துளை வழியாக உள்ளே போனது. கல்பனா உட்பட அதில் இருந்த ஏழு பேரும் போய்விட்டார்கள்.

நுரைத் துண்டு முக்கால் கிலோதான், தொட்டால் தெர்மாக்கோல் மாதிரி இருக்கும். அது என்ன செய்துவிடும் என்று நினைத்தவர்கள் பலர். விபத்துக்குப் பிறகு, 2003 ஜூலையில், டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் அதே எடையுள்ள நுரையை வாயுத் துப்பாக்கியால் மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் நிஜத் தகட்டின்மேல் சுட்டுப் பார்த்தார்கள். குறுக்களவில் 40 சென்டிமீட்டர் துளை விழுந்தது. அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முழு அளவில் அப்படிச் சுட்டுப் பார்ப்பதை அதற்கு முன்னால் செய்திருக்க வேண்டும்.

ஓடு போயும் பிழைத்த கதை ஒன்று உண்டு. 1988 டிசம்பரில் அட்லாண்டிஸ் என்ற இன்னொரு விண்வெளி ஓடம் எழுநூறுக்கும் மேற்பட்ட ஓடுகளில் அடிபட்டுத் திரும்பியது. ஓர் ஓடு முழுதாகவே இல்லை. அந்த இடத்தில் ஆண்டெனாவுக்காக ஒரு கனத்த உலோகத் தகடு இருந்ததால் தப்பித்தது. மகளிடம் சொல்லுங்கள், டீச்சரிடமும் சொல்லலாம்.

"இந்தியாவில் இந்த ஓடுகளைச் செய்திருக்கிறோமா?"
– பொறியியல் மாணவர், காட்பாடி

செய்திருக்கிறோம், பறக்கவிட்டும் இருக்கிறோம். ஸ்ரீஹரிகோட்டா நமக்கு நேர்கோட்டில் நூற்றைம்பது கிலோமீட்டர்தான்.

2007 ஜனவரி 10 அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் 550 கிலோ எடையுள்ள ஒரு சிறு கலத்தை அனுப்பினார்கள். 12 நாள் பூமியைச் சுற்றிவிட்டு 22ஆம் தேதி வங்கக் கடலில் இறங்கியது. மூக்கில் கரிந்து உதிரும் காப்பு, மற்ற இடங்களில் சிலிக்கா ஓடுகள். நம் ஓடு விண்வெளியிலிருந்து திரும்பி வந்து கையில் கிடைத்தது அன்றைக்குத்தான். கையில் கிடைப்பது முக்கியம் தம்பி. திரும்பி வந்த ஓட்டை அறுத்துப் பார்த்தால் தெரிவது எந்தக் கணக்கிலும் தெரியாது.

2016 மே 23 அன்று இறக்கை வைத்த கலம் ஒன்று 65 கிலோமீட்டர் உயரம் போய், ஒலியைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் இறங்கிக் கடலில் விழுந்தது. அதில் ஏறக்குறைய 600 சிலிக்கா ஓடுகள். பிறகு 2023, 2024இல் சித்ரதுர்கா பக்கம் ஹெலிகாப்டரிலிருந்து விட்டு, ஓடுபாதையில் தானாக இறங்கும் சோதனைகளையும் முடித்திருக்கிறார்கள். சுற்றுப்பாதையிலிருந்து திரும்பும்போது வேகம் ஒலியைப்போல் 25 மடங்கு. ஐந்துக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் ஓட்டுக்கு இன்னும் பெரிய வேலை காத்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் பிளாஸ்மா காற்றுச் சுரங்கம் இருக்கிறது. உங்களுக்கு இதில் ஆசை இருந்தால் மெட்டீரியல்ஸ் பாடத்தை எடுங்கள். ராக்கெட் என்றதும் எல்லோரும் எஞ்சினுக்கு ஓடுகிறார்கள். மண்ணையும் இழையையும் பசையையும் படித்த ஆள் குறைவு.

"அக்னி நட்சத்திரத்தில் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. இந்த ஓட்டை நம் மொட்டை மாடியில் பதிக்கலாமா?"
– ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், வாலாஜாபேட்டை

வேண்டாம் ஐயா. நகத்தால் கீறினால் உதிரும், ஒருவர் நடந்தால் நொறுங்கும், முதல் மழையில் தண்ணீர் குடித்து ஊறிப்போகும். கால் மணி நேரம் பழுக்கக் காயும் கலத்துக்காகச் செய்தது அது. நமக்கோ பகல் முழுக்க வெயில்.

ஆனால் அதே கலத்திலிருந்து இன்னொன்றைக் கடன் வாங்கலாம். அடிப்பக்கம் கறுப்பு, மேல்பக்கம் வெள்ளை. சுற்றுப்பாதையில் வெயிலைத் திருப்பி அனுப்ப மேல்பக்கத்து ஓடுகள் வெள்ளையாக இருந்தன. மாடிக்கும் வெள்ளைதான். சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் பசை சேர்த்து, பங்குனி முடிவதற்குள் இரண்டு கோட் அடித்துவிடுங்கள். என் வீட்டில் முதல் வருஷம் வாங்கிய சுண்ணாம்பு பாதி மாடிக்குத்தான் போதுமாக இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு வடாம் எடுக்கப் போன என் வீட்டம்மா, பூசாத பாதியில் ஒரு கால் வைத்துவிட்டு ஒரே தாவாகப் பூசிய பக்கம் போய் நின்றுகொண்டார், அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார். சாயங்காலமே மீதிச் சுண்ணாம்பு வாங்கிவந்தேன்.